நண்டு போட்ட கொசுவலை

வெயில் ஏறிவிட்டது. பூவரச மரத்தின் நிழல் சுருங்கி வேரடிக்கு வந்துவிட்டது. ஒரு கால் நிழலிலும் ஒரு கால் வெயிலிலுமாக விசாலம் அம்மா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைப் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடியிருந்தார். கையில் குடை இல்லை, பை இல்லை. கை இரண்டையும் என்ன செய்வது என்று தெரியாதவர் போலக் கோத்துக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குள் நாங்கள் அத்தனை பெண்களும் ஊசியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கையும் ஓடவில்லை.

அந்த மரத்தடியில் யாரும் சும்மா போய் நிற்க மாட்டார்கள். வேலையைக் கெடுத்தவர்களை நிறுத்துகிற இடம் அது. எங்களை அங்கே போய் நில் என்று சொல்லும் அதிகாரம் அந்தக் கொட்டகையில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவரே போய் நின்றுகொண்டிருந்தார்.

நான் ஆயுசில் எத்தனையோ பார்த்துவிட்டேன். குண்டு விழும் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் கப்பல் ஏறியதைப் பார்த்தேன். அன்றைக்குக் காலை வெயிலில் பார்த்ததற்குப் பக்கத்தில் அதில் எதையும் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வண்டிக் கொட்டகை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் வீட்டுக் கதை தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆரோக்கியம். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரி. யுத்தம் வந்ததும் ராத்திரியில் விளக்கு ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். வீட்டுக்காரர் கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டுத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். அங்கே ஒரு மரக்கட்டை உருண்டு வந்து முழங்காலுக்குக் கீழே நொறுக்கிவிட்டது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் சின்னது. என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போய்விடும். ஆனாலும் நானேதான் எழுதுகிறேன். பேரன் பெண்டாட்டி பிழை திருத்துவாள், அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டால் அடித்துவிடுவேன்.

நான் கூலிக்குப் போன இடம் மயிலாப்பூரில், தெப்பக்குளத்திலிருந்து கடலுக்கு வருகிற வழியில் ஒரு பெரிய பங்களா. குண்டுக்குப் பயந்து ஊருக்குப் போன பங்களாச் சொந்தக்காரர்கள் திரும்பவில்லை. குதிரை வண்டி நிறுத்துகிற கொட்டகையை மட்டும் தியாகராய நகர் முதலாளி ஒருவர் வாடகைக்கு எடுத்துப் பட்டாளத்துக்குக் கொசுவலை தைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குத் தெருப்பக்கம் பெரிய கதவு. கதவு ஓரமாக ஒரு ஜன்னல், அதற்குக் கண்ணாடி கிடையாது. உள்பக்கச் சுவரில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள் இருந்தன. வெளிச்சம் தெரிந்தால் விமானம் வரும் என்று அந்தக் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புச் சாயம் பூசிவிட்டார்கள். ஆக, கதவோரம் பகல். சுவரோரம் சாயங்காலம்.

பழைய ஆட்கள் கதவோரம் உட்காருவார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சுவரோரம். யாரும் போட்ட சட்டம் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் முன்னால் குடம் வைத்தவள் முன்னால் பிடிக்கிற மாதிரி, அது அப்படித்தான்.

ஓட்டையும் இழையும்

கொசுவலை என்றால் என்ன? அத்தனையும் ஓட்டை. பக்கங்களை மெஷின்காரர்கள் இணைத்துக் கொடுப்பார்கள். மூலைகளை மடக்கி, நாடா வைத்து, தொங்கவிடக் காது வைத்துத் தைப்பது எங்கள் கைவேலை.

ஊசி ஏறும்போது வலையின் இழையைப் பிடித்து ஏற வேண்டும். இழைக்கு நடுவில் உள்ள ஓட்டைக்குள் ஏறி இறங்கிவிட்டால் தையல் விழுந்த மாதிரித்தான் தெரியும். நூல் இழுபடும், முடிச்சும் நிற்கும். ஆனால் எதையும் பிடித்திருக்காது. ஒரு இழு இழுத்தால் மூலை வாயைத் திறந்துவிடும்.

பட்டாளத்து டிப்போவிலிருந்து வாரம் ஒரு தரம் லாரியில் தமிழ் தெரிந்த ஒரு சார்ஜண்டு வருவார். மூலையை இழுத்துப் பிடித்துத் தையலில் பென்சிலைக் குத்துவார். பென்சில் உள்ளே போனால் அந்த வலை தள்ளுபடி. பேச்சே கிடையாது.

எனக்கு அந்த வேலை கிடைத்ததே குப்பத்துக்காரி என்பதால்தான். வலைக்காரி வலை தைக்க மாட்டாளா என்று சேர்த்துக்கொண்டார்கள். எனக்கும் அந்தத் திமிர் உண்டு. கிழிந்த மீன்வலையைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே முடிந்து போடுவேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். கட்டுமரம் கிளம்புகிற இருட்டில் விளக்கைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

அதனால் சுவரோரம் உட்கார வைத்தபோது நான் முகம் சுளிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாத்திமா பீ, ஜாம்பஜார் பக்கத்துப் பெண், இருட்டாக இருக்கிறதே என்று முனகினார். எனக்கு விரல் இருந்தால் போதும் என்றேன் அவரிடம். மீன்வலை நூல் கயிறு மாதிரி இருக்கும், கொசுவலை இழை தலைமுடி மாதிரி இருக்கும் என்பது என் விரலுக்கு அப்போது உறைக்கவில்லை.

மேஸ்திரி காலம்

விசாலம் அம்மா வருவதற்கு முன்னால் ஒரு மேஸ்திரி இருந்தார். காலையில் உள்ளே போனதும் கதவுக்கு வெளியே தாழ் போடுவார். பேசக் கூடாது. தண்ணீர் குடிக்கக் கேட்க வேண்டும். பால் குடிக்கிற பிள்ளையை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார். சாயங்காலம் போகும்போது மடியை உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். துண்டு நாடாவைத் திருடிக்கொண்டு போய் நாங்கள் மாளிகை கட்டிவிடுவோமாம்.

வலை திரும்பி வந்தால் எல்லார் கூலியிலும் பிடித்தம். யார் தைத்தது என்று தெரியாதே. இதில் என்ன ஆயிற்று என்றால், ஒருத்தி உயிரைக் கொடுத்துத் தைத்தாலும் பிடித்தம், இன்னொருத்தி தூங்கி வழிந்தாலும் அதே பிடித்தம். பிறகு யார் உயிரைக் கொடுப்பாள்? நாள் போனால் சரி என்று தைத்தோம். லாரியில் ஏறியதை விடத் தள்ளுபடியாகி நின்றது அதிகமாக இருந்த வாரமும் உண்டு.

முதலாளி மேஸ்திரியைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, தம் சம்சாரத்துக்குத் தெரிந்த ஒரு அம்மாவைக் கொண்டுவந்து வைத்தார்.

ரங்கூனிலிருந்து வந்தவர்

மயிலாப்பூர் மாட வீதியில் பிறந்தவர் விசாலம் அம்மா. ரங்கூனில் வாழ்க்கைப்பட்டு, குண்டு விழுந்ததும் எல்லாரோடும் காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தவர். வீட்டுக்காரரை வழியிலேயே மலேரியாக் குளிர்க் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டார். இங்கே அண்ணன் வீட்டில் இருந்தார். அந்த வயசில், அந்தக் குலத்தில், தாலி இழந்த பெண் வாசல் தாண்டிக் கூலிப் பெண்கள் நடுவில் வந்து உட்காருவதை அக்கம் பக்கம் எப்படிப் பேசியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வந்த முதல் வாரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தார். அடுத்த வாரம் கதவின் தாழ் போயிற்று. மூலையில் மண்பானையும் குவளையும் வந்தன. பால் கொடுக்கிறவர்கள் பிள்ளையைக் கொண்டுவரலாம், பின்கட்டில் தூளி கட்டிக்கொள்ளலாம் என்றார். மடியை உதறுவதும் நின்றது. பேசலாமா என்று கன்னியம்மா கேட்டதற்கு, வாய் பேசினால் கை நிற்குமா என்று திருப்பிக் கேட்டார். நிற்காது என்றோம். அப்படியானால் பேசுங்கள் என்றார்.

நம்பினால் நம்புங்கள், அந்த வாரமே கூடுதலாக வலை தைத்து முடித்தோம்.

ஆனால் பசுமாடு மாதிரி சாது என்று அவரை நினைத்துவிடாதீர்கள். தையல் விஷயத்தில் நெருப்பு. ஒரு மூலை திறந்திருப்பதைக் கண்டால் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். ஒரு தரம் என் கையிலிருந்த வலையை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ஒரு ஓட்டை போறும் ஆரோக்கியம். ஆயிரம் ஓட்டையை அடைச்சுட்டு ஒண்ணை விட்டா, அது அந்த ஒண்ணைத் தேடிண்டு வரும்."

கொசுவைத்தான் சொன்னார். யாரை நினைத்துச் சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆளுக்கு ஒரு அடையாளம்

பிறகுதான் அந்தப் புது ஏற்பாடு. இனி எல்லாருக்குமான பிடித்தம் கிடையாது. ஒவ்வொருத்தியும் தான் தைத்த வலையின் மூலையில், நாடாவுக்கு மேல், கலர் நூலில் தன் அடையாளத்தைப் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம், எங்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்து வராது. பூவோ, புள்ளியோ, அவரவர் இஷ்டம்.

வலை திரும்பி வந்தால் அந்த அடையாளக்காரி மத்தியானம் வரைக்கும் வெளியே பூவரச மரத்தடியில் நிற்க வேண்டும், அரை நாள் கூலி கிடையாது. மூன்றாம் தரம் வந்தால் வேலை கிடையாது.

"பழைய ஆளு, புது ஆளுன்னு பார்க்கப் போறதில்லை. இந்தக் கொட்டகையில ஊசி எடுக்கறவா யாரா இருந்தாலும் இதான் சட்டம்" என்றார் விசாலம் அம்மா.

அந்தச் சட்டத்தைக் கேட்டு நாங்கள் பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால் குதூகலமாக இருந்தது. யார் குற்றம் யாருக்கு என்பது தெரிந்துவிடும் அல்லவா? அதோடு, என்னுடையது என்று சொல்ல ஒரு அடையாளம். என் பெயரில் ஒரு கோடுகூட எங்கும் இருந்ததில்லை. நான் தைத்தது எந்தக் காட்டுக்குப் போனாலும் அதன் மூலையில் நான் இருப்பேன் என்று நினைத்ததும் உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்தது.

மீன் வேண்டும் என்று குப்பத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே சண்டை. எல்லாருக்கும் மூத்தவள், கதவோர ஜன்னலை ஆண்டுகொண்டிருந்தவள் கன்னியம்மா. அவள் மீனை எடுத்துக்கொண்டாள். பாத்திமா பீ பிறை போட்டார். எனக்குச் சிலுவை ஆசை. அது சும்மா தையல் முடிச்சு மாதிரி இருக்கிறது, வேறு சொல் என்றார் விசாலம் அம்மா. யோசித்துவிட்டு நண்டு என்றேன். உடம்புக்கு ஒரு வட்டம், அந்தப் பக்கம் நாலு கால், இந்தப் பக்கம் நாலு கால்.

கன்னியம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு புடவையில் சிந்தியது.

"அடிப் பாவி, வலைக்குப் போயி எவளாவது நண்டு வெப்பாளா? அத்த அறுக்காம இன்னா பண்ணும் அது?"

கடலோரத்து ஆட்களுக்கு இது தெரியும். வலையில் நண்டு ஏறினால் மீன் போச்சு, வலையும் போச்சு. அதற்காக நான் மாற்றவில்லை. எடுத்தது எடுத்ததுதான் என்று சிவப்பு நூலைக் கோத்தேன்.

நண்டு அறுத்தது

முதல் தரம் நண்டு திரும்பி வந்தபோது நான் நம்பவில்லை. மரத்தடியில் போய் நின்றேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். எங்கள் குப்பத்து மீன்காரிகள் கூடையோடு வந்தவர்கள் நின்று விசாரித்தார்கள். மாடு உள்ளே வராமல் விரட்ட நிற்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

இரண்டாம் தரமும் வந்தது. பாத்திமா பீயின் பிறையும் வந்தது. ஒரே மரத்தடியில் இரண்டு பேரும் நின்றோம். நான் கல்லாக நின்றேன். அவர் முக்காட்டுக்குள் அழுதார்.

வீட்டில் போய்ச் சொல்லவில்லை. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கிற மனுஷரிடம் என்ன சொல்வது? இன்னும் ஒரு தரம் நண்டு வந்தால் அடுப்பு அணைந்துவிடும் என்பது எனக்கு மட்டும் தெரியும். கையைக் கெட்டியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்துத் தைத்தேன். விரல் நுனி புண்ணாயிற்று. இருட்டாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. வலைக்காரி வலை தெரியவில்லை என்பதா?

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேரன் பெண்டாட்டி பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆட்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே தனி இலாகா இருக்கிறதாம், இவள் அதில்தான். யார் நன்றாக வேலை செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்று வருஷா வருஷம் மார்க் போடுவார்களாம். மார்க் குறைந்தவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று போய்ப் பார்ப்பாயா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தக் கதையை எழுதுங்கள் பாட்டி என்றாள். அதனால்தான் இந்த வாரம் இது.

மூன்றாம் தரம்

அன்று காலை லாரி வந்தது. சார்ஜண்டு கொட்டகைக்கு முன்னால் முற்றத்தில் மேஜையைப் போட்டுப் பென்சிலோடு உட்கார்ந்தார். முதல் கட்டு பிரிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு வலை தனியாக வந்து விழுந்தது. எட்டிப் பார்த்தேன். சிவப்பாக எட்டுக் கால்.

நான் எழுந்து ஊசியைப் பாயில் குத்திவிட்டு, சுருக்குப் பையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். போகச் சொல்லும் முன் போய்விட வேண்டும் என்பது என் எண்ணம்.

"எங்க போறே? இரு" என்றார் விசாலம் அம்மா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. இதுவரை தள்ளுபடியான வலைகளைச் சரிசெய்வதற்காக ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தோம். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வந்து முற்றத்து வெயிலில் விரித்தார். நண்டு. பிறை. மறுபடி நண்டு. ஒரு மாங்காய், ஒரு சங்கு. திரும்பவும் பிறை. குனிந்து குனிந்து அடையாளங்களைப் பார்த்தார். நிமிர்ந்து கொட்டகைக்குள் எங்கள் முகங்களைப் பார்த்தார். மறுபடி வலையைப் பார்த்தார்.

மாங்காய் போட்டவள் யார் என்றார். சுவரோரத்திலிருந்து ஒருத்தி கையைத் தூக்கினாள். சங்கு யார் என்றார். அதுவும் சுவரோரம்தான்.

கதவோரத்து அடையாளம் ஒன்றுகூட அந்தக் குவியலில் இல்லை.

அவர் உள்ளே வந்தார். நேராக என் பாய்க்கு வந்து நின்றார். மீன் கூடை தூக்கின சேலையோடு நான் தினமும் உட்கார்ந்த பாய் அது. நான் கையால் தட்டிவிடப் போனேன். அதற்குள் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊசியை எடுத்து, தைக்காமல் கிடந்த ஒரு வலையை மடியில் போட்டுக்கொண்டார். எங்களுக்கெல்லாம் கற்றுக் கொடுத்த கை அது. அந்தக் கையில் தையல் எறும்பு வரிசை மாதிரி ஓடும்.

இரண்டு மூலை முடிப்பதற்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டார். வலையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கறுப்புக் கண்ணாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். நாலு மூலையும் முடித்தார். எழுந்து போய் அந்த வலையைச் சார்ஜண்டு முன்னால் வைத்தார்.

அது யார் தைத்தது என்று சார்ஜண்டுக்குத் தெரியாது. மூலையை இழுத்தார், பென்சிலைக் குத்தினார். முதல் மூலையில் போகவில்லை. இரண்டாவதில் போகவில்லை. மூன்றாவது மூலையில் பென்சில் சர்ரென்று உள்ளே போயிற்று.

விசாலம் அம்மா எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரா இருந்தாலும்னு நான்தானே சொன்னேன்?"

சொல்லிவிட்டு நடந்து போய்ப் பூவரச மரத்தடியில் நின்றுகொண்டார்.

கரி வண்டி

அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காது. பணக்காரர்களின் கார்களுக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பை மாட்டியிருப்பார்கள். முதலாளி தியாகராய நகரில் கிளம்பினால் மயிலாப்பூருக்குப் புகை வாடை முன்னால் வந்துவிடும் என்று கன்னியம்மா சொல்வாள். அன்றைக்கும் புகை முன்னால் வந்தது, வண்டி பின்னால் வந்தது.

வாசலில் இறங்கியவர் மரத்தடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? ஏன் இங்க நிக்கிறீங்க?"

"என் வலை தள்ளுபடி ஆயிடுத்து. மத்தியானம் வரைக்கும் நிக்கணும்."

முதலாளி தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். உள்ளே போங்கள், ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று குரலைத் தணித்துக் கெஞ்சினார். எங்களை அங்கே நிறுத்தியபோது ஜனங்கள் பார்க்கவில்லையா என்று எனக்குத் தோன்றியது. விசாலம் அம்மா அதைச் சொல்லவில்லை. சுவரோரத்து விஷயத்தை மட்டும் நிதானமாக எடுத்துச் சொன்னார். அடையாளம் போட்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன், அது இடத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறது என்றார்.

அதற்கு முதலாளி, அந்தச் சுவரோரத்து ஆட்களை அனுப்பிவிட்டு வேறு ஆட்களை வைத்துவிட்டால் போயிற்று என்றார்.

"யாரைக் கொண்டு வந்து வெச்சாலும் இதேதான் வரும். நான் உக்காந்தேன், வந்தது. நீங்க வேணும்னா ஒரு நாழி உக்காந்து பாருங்கோ" என்றார் விசாலம் அம்மா. "இவாளை நான் அனுப்ப மாட்டேன். அனுப்பணும்னா என்னையும் சேர்த்து அனுப்புங்கோ."

ஒரு பெண்பிள்ளை, கூலி கொடுக்கிறவரிடம், எங்களுக்காக. நான் நின்ற இடத்திலேயே சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன்.

முதலாளி தலையைச் சொறிந்தார். கண்ணாடியைச் சுரண்டினால், ராத்திரியில் வெளிச்சம் தெரிகிறதா என்று சுற்றி வருகிற வார்டன் விட மாட்டார் என்றார். சுரண்ட அனுமதி கேட்டு, ராத்திரிக்குக் கறுப்புத் திரை போட்டுக்கொள்ளலாம், அது வரைக்கும் வாரத்துக்கு ஒரு வரிசையாக இடம் மாறி உட்காரட்டும், இருட்டில் இருக்கிற வாரம் நாடா வெட்டுகிற வேலை மட்டும் செய்யட்டும் என்றார் விசாலம் அம்மா. முதலாளி கதவோரத்தைப் பார்த்தார். பழைய ஆட்கள் ஒப்புவார்களா, கோபித்துக்கொண்டு போய்விட்டால் இந்த மாசத்து லாரிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

எல்லாரும் கன்னியம்மாவைப் பார்த்தோம். அவள் எழுந்தால் கதவோரமே எழும். அவள் உட்கார்ந்தே இருந்தால் என் கதை முடிந்தது.

அந்த ஜன்னலுக்கு அவள் எத்தனை காலம் சுவரோரம் கிடந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். கடல் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வரும். வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள். மரத்தடியில் நிற்கிற வெள்ளைப் புடவையைப் பார்த்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, தன் பாயை உதறிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இன்னாடி பாத்துக்கினு கீற? போ. போயி ஜன்னலாண்ட குந்து. அந்த நண்டு இன்னாதான் கீயிக்குதுன்னு நானும் பாக்கறேன்."

வாசல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"யம்மா, உள்ள வா. வெயில்ல நின்னுகினு இருந்தா உன் ஒடம்புக்கு ஆவாது. எடம் வுட்டாச்சி."

விசாலம் அம்மா தலையை ஆட்டினார். ஆனால் அசையவில்லை. இன்னும் மத்தியானம் ஆகவில்லை என்றார். சாந்தோம் கோயிலில் உச்சி மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். முதலாளியும் காரில் ஏறவும் முடியாமல், உள்ளே வரவும் முடியாமல் கூடவே வெயிலில் நின்றார். ஒரு மாசம் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். அது போதும் எனக்கு.

ஜன்னலோரம்

கன்னியம்மாவின் இடத்தில் உட்கார்ந்து வலையை மடியில் விரித்தேன். வெளிச்சம் மேலே விழுந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. இழையும் இழையும் சந்திக்கிற இடம் தெரிந்தது. ஊசி நுனி எங்கே போகிறது, எதைப் பிடிக்கிறது என்பது தெரிந்தது. இத்தனை மாசமாக என் மடியில் கிடந்த சாமானை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மாதா கோயிலில் திரை விலகுகிறபோது கை கூப்பத் தோன்றுமே, அப்படி இருந்தது.

நான் முதலில் எடுத்தது விசாலம் அம்மாவின் தள்ளுபடி வலையை. மூன்றாவது மூலையைப் பிரித்து இழை இழையாகப் பிடித்துத் தைத்தேன். தைத்து முடித்த பிறகுதான் உறைத்தது, அதில் அடையாளம் இல்லை. அவருக்கென்று ஒரு அடையாளம் கிடையாதே. அடையாளம் இல்லாத வலை லாரியில் ஏறக் கூடாது, அதுவும் அவர் போட்ட சட்டம்தான்.

எங்களுக்குள் கிசுகிசுவென்று பேச்சு நடந்தது. தாமரை போடலாம் என்றாள் ஒருத்தி. பேனா போடலாம் என்றாள் இன்னொருத்தி. பாத்திமா பீதான் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு அதைச் சொன்னார். பச்சை நூலை அவரே கோத்துக் கொடுத்தார். மேலே அகலமாக, கீழே கூராக, நடுவில் ஒரு நரம்பு. நாடாவுக்கு மேல் ஒரு பூவரச இலை போட்டேன்.

அடுத்த மாசம் கண்ணாடி சுரண்டியாயிற்று. திரையும் வந்தது. பிறகு மரத்தடியில் யாராவது நின்றார்களா என்றால், எனக்கு நினைவு இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், அடுத்த வாரமே வந்த லாரியை.

சார்ஜண்டு கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். மீன், பிறை, நண்டு எல்லாம் அவருக்குப் பழக்கம். ஒரு வலையில் கை நின்றது. பச்சை இலையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது யாரு? புது ஆளா?"

விசாலம் அம்மா மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அப்போதுதான் அது கண்ணில் பட்டது. குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

சுவரோரத்து இருட்டிலிருந்து கன்னியம்மா பதில் சொன்னாள்.

"புச்சு இல்ல தொரை. எங்க ஆளுதான்."

சார்ஜண்டு மூலையை இழுத்துப் பிடித்துப் பென்சிலைக் குத்தினார். ஒரு தரம், இன்னும் அழுத்தி ஒரு தரம்.

பென்சில் போகவில்லை.